தூரிகை பிடித்த கையில் குத்திக்கொண்ட பச்சை

இடது முன்கையின் உட்புறம், மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரே ஒரு சீன எழுத்து. ஒன்பது சென்டிமீட்டர் உயரம், ஆறு கோடுகள். இதைக் குத்த சரியான ஆளைத் தேட எனக்கு ஏழு மாதம் ஆனது. கிடைத்த பிறகு அவரிடம் என் முறை வர இன்னும் நான்கு மாதம் காத்திருந்தேன். குத்தி முடிந்து இப்போது எட்டு மாதம். புண் ஆறி, மை தோலில் நன்றாக உட்கார்ந்த பிறகு எழுதினால்தான் நேர்மையாக இருக்கும் என்று இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

நான் கும்பகோணத்துக்காரன். 2014-ல் முனைவர் படிப்புக்காகத் தைவானில் உள்ள சின்ச்சு நகரத்துக்கு வந்தேன். படிப்பு முடிந்ததும் இங்கேயே அறிவியல் பூங்காவில் வேலை கிடைத்தது. வந்த நாளிலிருந்து எட்டு வருடம் ஒரு பாட்டி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். தைவான் பேச்சில் பாட்டியை 'ஆமா' என்பார்கள். நம் ஊர் 'ஆமா' மாதிரியேதான் காதில் விழும். அதனாலோ என்னவோ, இந்த ஊரில் நான் முதலில் கூச்சமில்லாமல் சொன்ன வார்த்தை அதுதான்.

ஆமா ஒவ்வொரு சந்திரப் புத்தாண்டுக்கும் சிவப்புத் தாளில் தன் கையாலேயே தூரிகை பிடித்து எழுதி வாசலில் ஒட்டுவார். கடையில் அச்சடித்தது பத்துப் பதினைந்து தைவான் டாலருக்குக் கிடைத்தாலும் வாங்கமாட்டார். என் மாடிக் கதவுக்கென்று தனியாக ஒரு நீளத் தாள் வரும். அதில் மேலிருந்து கீழாக நான்கு எழுத்து: சூ, ரு, பிங், ஆன். வெளியே போகையிலும் உள்ளே வருகையிலும் நலமாக இரு என்று அர்த்தம். நம் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் அதட்டுவார்கள், 'போயிட்டு வரேன்' என்று சொல்லவைப்பார்கள். அந்த எண்ணம்தான் இது. 2022-ல் ஆமா தவறிப்போனார். கடைசியாக அவர் எழுதிக் கொடுத்த தாளைக் கதவிலிருந்து பிய்க்காமல், ஈரத்துணி வைத்து மெதுவாக உரித்து எடுத்துவைத்தேன்.

அந்தத் தாளின் கடைசி எழுத்தான 'ஆன்' தான் என் கையில் இருக்கிறது. மேலே ஒரு புள்ளி, அதன் கீழ் ஒரு கூரை, கூரைக்கு அடியில் 'பெண்' என்ற எழுத்து. நிம்மதி, நலம், பத்திரம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எழுத்துதான்.

ஆமா நான்கு எழுத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் தூரிகையை மையில் தோய்ப்பார். முதல் எழுத்து கனத்து நிற்கும். நான்காவதுக்கு வரும்போது மை தீர்ந்திருக்கும். கடைசிக் கோடு இடமிருந்து வலமாகப் போகும் நீளமான கிடைக்கோடு. அது பாதி தூரம் போனதும் தூரிகையின் மயிர்கள் பிரிந்து, நடுநடுவே சிவப்புத் தாள் இழை இழையாகத் தெரியும். சீனத்தில் இதற்கு 'ஃபேய் பாய்' என்று பெயர், பறக்கும் வெள்ளை என்று அர்த்தம். எனக்கு அந்த இழைகளும் சேர்த்து வேண்டும். தேடல் இழுத்துக்கொண்டே போனதற்குக் காரணம் இதுதான்.

முதலில் போனது தைபேயில் கூட்டம் மிகுந்த ஒரு கடை. தாளின் படத்தைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கணினியில் அந்த எழுத்தைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையில் வைத்துக் காட்டினார்கள். தைவானில் அரசுக் கடிதங்கள், விண்ணப்பப் படிவங்கள் பெரும்பாலும் கைஷு என்ற ஒரே எழுத்துருவில்தான் வரும். அதே எழுத்து. என் குடியிருப்பு அட்டை விண்ணப்பத்தில் பார்த்துப் பழகியது. "ரெண்டும் ஒரே எழுத்துதானே?" என்று கேட்டார் அந்தப் பையன். எழுத்து ஒன்றுதான், மறுக்கவில்லை. என் அம்மா எழுதிய கடிதத்தையும் அதைத் தட்டச்சு செய்த காகிதத்தையும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியாது. முன்பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை சின்ச்சுவிலேயே. இவர்கள் 'தூரிகை எழுத்துப் பாணி' என்றே விளம்பரம் செய்பவர்கள். வரைந்து அனுப்பியது பார்க்க அட்டகாசமாக இருந்தது. சுற்றிலும் மைத் தெறிப்பு, எல்லாக் கோடுகளிலும் வறண்ட இழைகள். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது, என்னவென்று புரியவில்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினேன். பள்ளியில் எழுத்துப் போட்டிக்கெல்லாம் போனவர். பார்த்ததும் சொன்னார்: "முதல் புள்ளியிலேயே மை வறண்டிருக்கிறது. மையில் தோய்த்து எடுத்த உடனே எப்படி வறளும்?" அப்புறம்தான் எனக்குக் கண் திறந்தது. கணினியில் இழைகளை ஒரு அலங்காரமாக எல்லா இடத்திலும் தூவியிருக்கிறார்கள். தூரிகை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது, எங்கே வேகம் எடுத்தது என்ற கணக்கு அதில் எங்குமே இல்லை. தமிழ் தெரியாதவர் 'அம்மா' என்று குத்தி, மெய்யெழுத்தின் புள்ளியை அழகுக்காக எல்லா எழுத்தின் மேலும் வைத்துவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? சீனம் படித்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடுவில் ஹாங்காங்கின் ஜோய் பாங்கின் வேலைகளைப் படங்களில் பார்த்தேன். தூரிகை வீச்சைத் தோலில் கொண்டுவருவதில் பெயர் பெற்றவர். என் பட்ஜெட்டுக்கும் விடுப்புக்கும் அது எட்டாது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் வழி காட்டியது டாட்டூ உலகத்தில் இருப்பவர் இல்லை. தூரிகையும் மைக்கல்லும் விற்கும் ஒரு பழைய கடைக்காரர். ஆமா அங்கேதான் தாள் வாங்குவார். "எங்களிடம் ஆட்டு மயிர்த் தூரிகை வாங்கும் ஒரு பெண் டாட்டூ போடுகிறார்" என்று முகவரி எழுதிக் கொடுத்தார்.

அவரை நான் லாவ்ஷி என்றுதான் கூப்பிடுகிறேன். ஆசிரியர் என்று அர்த்தம், இங்கே கலைஞர்களை அப்படித்தான் அழைப்பார்கள். விளம்பரம் வேண்டாம் என்று அவர் சொன்னதால் பெயரும் இடமும் இங்கே போடவில்லை. தைபேயின் மேற்குப் பக்கம், ஷிமென்திங் கடைத்தெருவின் இரைச்சல் கேட்காத ஒரு சந்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது டாட்டூ நாற்காலி இல்லை, கம்பளித் துணி விரித்த எழுத்து மேசை. சுவரில், யான் ஜென்சிங் என்ற எட்டாம் நூற்றாண்டுத் தூரிகை எழுத்து மேதை தன் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்காக எழுதிய இரங்கல் வரைவின் நகல் தொங்கியது. 758-ல் எழுதியது, மூலம் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலகத்தில் கொல்லப்பட்ட பையனை நினைத்து எழுதும்போது அந்த மனிதர் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடித்திருக்கிறார், திருத்தியிருக்கிறார், மை தீரும் வரை எழுதிக்கொண்டே போய், மறுபடி தோய்த்திருக்கிறார். எந்த இடத்தில் தோய்த்தார் என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டலாம். லாவ்ஷி எனக்குக் காட்டினார்.

ஆமாவின் தாளை அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறைய நேரம் பார்த்தார். பிறகு, "இந்தப் பாட்டி யான் பாணியில் பழகியவர்" என்றார். கிடைக்கோடு மெலிந்து, செங்குத்துக் கோடு தடித்து இருப்பதைச் சொன்னார். கோடு தொடங்கும் இடத்தில் தூரிகை முனை வெளியே தெரியாமல் உள்ளே மடங்கி, பட்டுப்புழுவின் தலை மாதிரி உருண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் என்னை அசைத்துவிட்டது: "அவருக்கு வலது தோளில் வலி உண்டா?" உண்டு. கடைசி மூன்று நான்கு வருடம் கையை உயர்த்தவே சிரமப்பட்டார். கூரைக் கோடு வலப்பக்கம் போய்க் கொக்கியாகத் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கியிருப்பதை அவர் தாளில் படித்திருக்கிறார்.

நான் கேட்டேன், "லாவ்ஷி, ஸ்டென்சில் எடுத்து அப்படியே ஒட்டிவிட்டால் ஆகாதா?" அவர் கோபப்படவில்லை. இரண்டு சொற்கள் சொன்னார்: மோ, லின். 'மோ' என்றால் எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அதன் மேலேயே எழுதுவது. 'லின்' என்றால் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதுவது. எழுத்துப் பயிற்சியில் இரண்டும் உண்டு. வாங் ஷிஜி என்ற நான்காம் நூற்றாண்டு மேதையின் மூலப் பிரதி ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. 353-ல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற முன்னுரையைத் தாங் வம்சத்துப் பேரரசர் ஒருவர் தன்னோடு கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார் என்பார்கள். நாம் அருங்காட்சியகத்தில் பார்க்கும் அவருடைய 28 எழுத்துக் குறுங்கடிதம்கூடத் தாங் காலத்தில் எடுத்த நகல்தான். இந்த மாதிரி நகல்களை எடுக்க ஒரு முறை இருந்தது: முதலில் எழுத்தின் விளிம்பை மெல்லிய கோட்டில் வரைந்துகொள்வது, பிறகு உள்ளே மையை நிரப்புவது. "டாட்டூக் கடையில் செய்வதும் அதேதான். விளிம்பு, பிறகு நிரப்பு. அதில் தப்பே இல்லை. அன்றைக்கு அதைச் செய்தவர்கள் எல்லோரும் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள். விளிம்பு வளைந்தால் ஏன் வளைகிறது என்று அவர்களுக்குத் தெரியும்."

அதனால் அவர் இரண்டையும் செய்கிறார். முதல் சந்திப்பில் தாளை ஸ்கேன் செய்துகொண்டார். இரண்டாவது முறை போனபோது, ஆமாவின் எழுத்தைப் பார்த்துத் தான் எழுதிப் பழகிய தாள்களைக் கட்டாக எடுத்துக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு. முதல் பத்தில் அவருடைய கைதான் தெரிந்தது. நாற்பதுக்கு மேல் ஆமா வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் ஊற்றினார்.

பழுப்புத் தோல் உள்ள நம்மவர்களுக்குப் பயன்படும் என்பதால் அடுத்த விஷயத்தை விரிவாகவே சொல்கிறேன். நான் ஐந்து சென்டிமீட்டர்தான் கேட்டேன். முடியாது என்றார். தோலுக்குள் போன மை வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் பரவும். வறண்ட இழைகளுக்கு இடையே விடும் வெற்றுத்தோல் மிகக் குறுகலாக இருந்தால் சில வருடங்களில் அடைபட்டு வெறும் கறுப்புப் பட்டையாகிவிடும். என் நிறத்தில் மைக்கும் தோலுக்கும் வேறுபாடு குறைவு என்பதால் இடைவெளி இன்னும் தாராளமாக வேண்டும், சாம்பல் நிற மெல்லிய நிழல்கள் அவ்வளவாக எடுக்காது என்றும் நேராகச் சொன்னார். தாளில் பதினெட்டு இருபது இழைகள் இருந்தன. தோலில் ஏழுதான் வைத்தார். எந்த ஏழு என்று முடிவு செய்யவே ஒரு மாலை ஆயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு இருபதாகத்தான் தெரிகிறது.

எழுத்தின் ஓரத்தில் சிவப்பு முத்திரை ஒன்று வைத்தால் அழகாக இருக்குமே என்று கேட்டேன். மறுத்துவிட்டார். என் தோலில் சிவப்பு சீக்கிரம் மங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, முத்திரை எழுதியவருடையது, பாட்டி முத்திரை வைக்காத தாளில் நான் வைக்கமாட்டேன் என்றார். இதற்கு மேல் நான் பேசவில்லை.

குத்திய நாளில் முதலில் என்னை மை அரைக்கச் சொன்னார். மைக்கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பத்து நிமிடம். அந்த மை தோலுக்கு இல்லை, அவர் கடைசியாக ஒருமுறை எழுதிப் பார்ப்பதற்கு. பிறகு கையைத் தளர்வாக மடியில் வைத்த நிலையில் ஸ்டென்சில் ஒட்டினார். மணிக்கட்டைத் திருப்பினால் முன்கைத் தோல் முறுக்கிக்கொள்ளும், நீட்டி வைத்து ஒட்டினால் கை தொங்கும்போது கிடைக்கோடு சாய்ந்துவிடும் என்பதற்காக. எழுத்து எனக்கு நேராக இருக்க வேண்டுமா, எதிரில் நிற்பவருக்கா என்று அப்போதும் ஒருமுறை கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

விளிம்புக்கு மெல்லிய ஊசி, கோட்டின் உட்பகுதிக்குப் பட்டை ஊசி. இழைகளுக்கு வந்ததும் இயந்திரத்தின் சத்தமே மாறியது. இடமிருந்து வலமாக, ஆமாவின் கை போன அதே திசையில், ஊசியை வைத்து இழுத்து, மேலே எடுத்துவிடுகிறார். கோடு கனத்துத் தொடங்கி நுனியில் புள்ளி புள்ளியாக உதிர்கிறது. ஒரு இழை முடிந்ததும் துடைத்து, தாளைப் பார்த்து, மூச்சு விட்டு, அடுத்தது. கோடுகளைக்கூட எழுதும் வரிசைப்படியே குத்தினார்: புள்ளி, கூரையின் இடப்பக்கம், கூரை, பிறகு பெண். ஆறு கோட்டுக்கு மூன்றரை மணி நேரம். வலி, மணிக்கட்டுப் பக்கம் அதிகம். மற்ற இடத்தில் பொறுக்கலாம்.

குறைகளும் உண்டு. காத்திருப்பு நீளம், இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. ஆங்கிலம் அநேகமாகப் பேசமாட்டார். எட்டு வருடச் சீனத்தை வைத்துக்கொண்டே நான் சில இடங்களில் தடுமாறினேன், புதிதாக வந்தவர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிப்போக வேண்டும். அட்டை வாங்கமாட்டார், ரொக்கம்தான். மொத்தம் 14,000 தைவான் டாலர், அதில் 3,000 முன்பணம். ஒரு எழுத்துக்கு இது அதிகம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அறுபத்திரண்டு தாளைப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறிய பிறகு கொக்கியின் நுனியில் ஒரு இடம் வெளுத்திருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பணம் வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். ஒரு மாதம் பெய்டோ வெந்நீர் ஊற்றுப் பக்கம் போகக்கூடாது, நீச்சல் கூடாது, வெயிலில் கையை மூடு என்று சீனத்தில் எழுதிய ஒரு தாள் தந்தார். அதுவும் தூரிகையில்.

காணொளியில் அம்மா பார்த்ததும் முதலில் முகம் வாடியது. "அப்பாயி கையில இருந்துச்சே, கோலம் மாதிரி, அதுவாடா?" என்றார் கொஞ்சம் கழித்து. அப்பாயியின் முன்கையில் இருந்த பச்சை எனக்கும் நினைவிருக்கிறது. வாசலுக்கு வந்த குறத்தி குத்தியது. தூங்கும்போது அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே படுத்திருப்பேன். இந்த எழுத்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தாளை லேமினேஷன் பண்ணி வை, செல்லரித்துவிடப் போகிறது என்றார்.

ஆமாவின் மகளிடம் குத்துவதற்கு முன்பே அனுமதி கேட்டிருந்தேன். அவர் தயங்கினார். இங்கே அந்தத் தலைமுறைக்கு டாட்டூ என்றால் ரௌடிகள் ஞாபகம்தான். பழைய சீனத்தில் குற்றவாளியின் முகத்தில் மை குத்துவதே ஒரு தண்டனையாக இருந்தது. யுவே ஃபெய் என்ற தளபதியின் முதுகில் நாட்டுக்கு விசுவாசம் என்று நான்கு எழுத்து குத்தியிருந்த கதையை நான் சொன்னேன். சிரித்துவிட்டு, சரி, ஒழுங்காக எழுதுகிறவரிடம் போ என்றார்.

போன மாதம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கையை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கடைசிக் கோட்டில் இழைகள் பிரியும் இடத்தில் விரலை வைத்து, "மை தீர்ந்தாலும் தோய்க்கவேமாட்டாள்" என்றார்.